பீடம் வேணுமா, தரையே போதுமா?

காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டில் நவீன சிற்பங்களைக் காட்சிக்கு வைக்கப் போகிறார்கள். அதையொட்டி நம் ஊர்க்காரர்கள் கேட்ட கேள்விகள் இவை. சென்னைக் கலைக்கூடங்களில் சிற்பங்களை இறக்கி நிறுத்துவது என் தொழில் என்பதால் பதில் சொல்லும் வேலை என்னிடம் வந்தது.

கானாடுகாத்தான் ஆச்சி: எங்கள் வளவில், அதான் வீட்டு நடு முற்றத்தில், பர்மா தேக்குத் தூண், பூ வேலை, ஆத்தங்குடி டைல்ஸ் எல்லாம் இருக்கிறது. நடுவில் சிற்பம் வைத்தால் எடுபடுமா தம்பி?

அப்படியே வைத்தால் எடுபடாது ஆச்சி. கலைக்கூடத்தில் சுவருக்கு வெள்ளை அடிப்பதே சிற்பத்தின் வெளிக்கோடு தெளிவாகத் தெரியட்டும் என்றுதான். உங்கள் வீட்டில் தூணும் தரையும் முந்திக்கொண்டு பேசும். நாலு அங்குல உயரத்தில் அகலமான பலகை மேடை ஒன்று செய்து, சாம்பல் வண்ணம் பூசி, அதன்மேல் நிறுத்துங்கள். டைல்ஸ் பூவிலிருந்து கண் விலகும், பிள்ளைகளும் கிட்டே ஓட மாட்டார்கள். ஒரு வளவுக்கு ஒரு சிற்பம் போதும். இன்னும் இரண்டு வைக்கலாமே என்று மனசு அடித்துக்கொள்ளும், விட்டுக்கொடுக்காதீர்கள்.

கருங்கல் என்றால் எடையையும் பாருங்கள். ஒரு கன அடிக் கல்லே 75 கிலோ வரும். கீழே கனமான பலகை போட்டு எடையைப் பரப்பாவிட்டால் டைல்ஸ் விரிசல் விட்டுவிடும். இழுக்கவே கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். கை, கழுத்து என்று நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைப் பிடிக்காமல் அடியைப் பிடித்துத் தூக்குங்கள்.

தேவகோட்டை ஆசிரியர்: எல்லாச் சிற்பத்தையும் சுற்றி வந்து பார்க்கும்படி நடுவில்தான் வைக்க வேண்டுமா?

இல்லை சார். பிள்ளையார்பட்டிக் கற்பக விநாயகர் பாறையோடு சேர்ந்த புடைப்புச் சிற்பம், முன்னால் நின்றுதான் கும்பிடுகிறோம். சென்னை நவீன சிற்பிகளில் சிலரும் அந்த முன்பார்வையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். 1966இல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைச் சேர்ந்த பி.வி. ஜானகிராமின் உலோகத் தகட்டு உருவங்களும், எஸ். நந்தகோபாலின் பற்றவைத்த உலோக வேலைகளும் முகம் பார்த்து நிற்பவை. அவற்றைச் சுவரிலிருந்து ஓர் அடி, இரண்டு அடி தள்ளி நிறுத்தினால் போதும். சுவரோடு ஒட்டிவிட்டால் நிழல் விழ இடம் இருக்காது. தகட்டு வேலைக்குப் பாதி அழகு அந்த நிழலில் இருக்கிறது.

பள்ளத்தூர் கல்லூரி மாணவி: பீடம் எவ்வளவு உயரம் இருக்கணும் அண்ணா?

சிறிய சிற்பம் என்றால் அதன் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய ஐந்தடிக்குள் வரும்படி வை. ஆனால் உயரத்தைக் கணக்கு மட்டும் முடிவு செய்வதில்லை. பிரான்சின் காலே நகர மக்களைக் காட்டும், பிரெஞ்சுச் சிற்பி ரோடானின் சிற்பத்தை 1895இல் உயர்ந்த பீடத்தில் ஏற்றிவிட்டார்கள். அவருக்கோ அந்த மனிதர்கள் தெருவில் போகிறவர்களோடு தரையில் நிற்க வேண்டும் என்று ஆசை. தாழ்வான பீடம் கிடைத்தது 1924இல், அவர் இறந்து ஏழு வருடம் கழித்து. 1960களில் இங்கிலாந்துச் சிற்பி ஆன்டனி காரோ பீடத்தையே விட்டுவிட்டு, வண்ணம் பூசிய இரும்பைத் தரையிலேயே வைத்தார். ருமேனியாவில் பிறந்த சிற்பி பிரான்குசி பீடத்தையும் தானே செதுக்கினார், அங்கே பீடம் எது, சிற்பம் எது என்று பிரிக்கவே முடியாது. அதனால் சிற்பியிடம் கேட்காமல் பீடம் செய்யாதே.

புதுவயல் எலக்ட்ரீஷியன்: லைட்டை எங்கே மாட்டுவது?

முதலில் மாட்டாதீர்கள். கோயிலில் தீபாராதனைத் தட்டு சுற்றும்போது சாமி முகம் மாறிக்கொண்டே வருமே, அதே வேலையைச் செய்யுங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சோடு சிற்பத்தை ஒரு சுற்று சுற்றுங்கள். எங்கிருந்து ஒளி விழும்போது உருவம் எழுந்து நிற்கிறதோ, அங்கே மாட்டுங்கள். பெரும்பாலும் மேலிருந்து கொஞ்சம் சாய்வாக ஒரு பலமான விளக்கு, எதிர்ப்பக்கம் மங்கலாக ஒன்று என்று முடியும். நேர் எதிரே வைத்தால் பள்ளமும் மேடும் தட்டையாகிவிடும். பளபளப்பான தரை ஒளியைத் திருப்பி அடிக்கும், அதையும் கவனியுங்கள்.

வளவில் விழும் வெயில் கல்லுக்கு நல்ல இலவச விளக்கு. மரச் சிற்பத்துக்கு அது ஆகாது, வெடித்துவிடும். ஏசி அறையிலிருந்து வரும் மரத்தைப் பெட்டியோடு ஒரு நாள் அப்படியே விட்டுவிட்டு அப்புறம் பிரியுங்கள்.

கண்டனூர் அண்ணன்: செம்புச் சிற்பம் கறுத்திருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

கூடவே கூடாது அண்ணே! அந்தக் கறுப்பும் பச்சையும் பல சமயம் சிற்பி வேண்டுமென்றே வரவழைத்த நிறம். புளியின் அமிலம் ஐந்து நிமிடத்தில் அதைத் தின்றுவிடும். மென்மையான தூரிகையால் தூசி தட்டுங்கள், போதும்.

அதே ஆச்சி: தொட்டுப் பார்க்க விடலாமா?

வேண்டாம் ஆச்சி, விரல் வியர்வையில் உள்ள உப்பு உலோகத்தை அரிக்கும். ஆனால் நம் ஊரில் கயிறு கட்டினாலும் கை நிற்காது. ஒருமுறை முட்டை வடிவக் கருங்கல் ஒன்றைக் கல் பீடத்தில், தனி மாடத்தில், மேலே ஒரு சின்ன விளக்கோடு வைத்தேன். மூன்றாம் நாள் அதற்குக் குங்குமம், செம்பருத்திப் பூ, எட்டு ரூபாய் சில்லறை. சிற்பி கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் சிரித்துவிட்டு, பீடத்தை எடுத்துவிட்டுக் கல்லைத் தரையில் மணல்மேல் வைக்கச் சொன்னார். குங்குமம் நின்றுவிட்டது. சில்லறை மட்டும் அப்பப்போ விழுந்தது.