கோல்தோனியின் ‘வெனிஸ் இரட்டையர்’ நாடகத்தில் ஒரே நடிகர் எப்படி இரண்டு வேடமும் போடுகிறார்?

சினிமா இரட்டை வேடம் மாதிரி கேமரா தந்திரம் எதுவும் இங்கே கிடையாது. எழுத்திலேயே வழி செய்து வைத்திருக்கிறார் இத்தாலிய நாடகாசிரியர் கார்லோ கோல்தோனி. 1747-ல் பீசா நகரில் வக்கீலாக இருந்தபோது, செசாரே தார்பெஸ் என்ற நடிகருக்காகவே எழுதிக் கொடுத்த நாடகம் இது.

கதை வெரோனாவில் நடக்கிறது. பெர்கமோவில் வளர்ந்த சானெத்தோ மண்டு. வெனிஸில் வளர்ந்த தோனினோ கெட்டிக்காரன். ஒருவன் ஊரில் இருப்பதே மற்றவனுக்குத் தெரியாது. ஒருவன் உள்ளே போய்ச் சற்று நேரம் கழித்துத்தான் மற்றவன் வருவான். இடைவெளியைக் காதலிகளும் வேலைக்காரர்களும் நிரப்புவார்கள். இருவரும் உயிரோடு நேருக்கு நேர் நிற்பதே இல்லை. கடைசியில் சானெத்தோ விஷம் குடித்துச் சாகிறான். ஆமாம், சிரிப்பு நாடகத்தில், மேடையிலேயே! அந்தச் சாவையும் சிரிப்பும் பதைப்புமாகக் கொண்டுபோவதுதான் நடிகருக்கு உண்மையான சோதனை என்பேன். அதன் பிறகு தோனினோவாக அவர் தெம்பாகத் திரும்பி வர வேண்டும்.

20-ஆம் நூற்றாண்டில் பெரும் பெயர் வாங்கிய மறுமேடையேற்றம், 1963-ல் ஜெனோவா நகர நாடக அரங்குக்காக லூயிஜி ஸ்குவார்சினா இயக்கியது. இரண்டு வேடமும் ஆல்பெர்தோ லியோனெல்லோ. வெளிநாடுகளுக்கும் போய் வந்த தயாரிப்பு. உடையை மாற்றினால் மட்டும் இது நடக்காது. நடை, குரல், நிற்கும் தோரணை எல்லாம் மாற வேண்டும். அதே சமயம், மேடையில் இருப்பவர்கள் குழம்பும் அளவுக்கு முகம் ஒன்றாகவே இருக்க வேண்டும்.