கருத்தரங்கில் கண்ணியம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஆய்வைச் சுவரொட்டியாக வைத்து விளக்கும் போஸ்டர் அமர்வில் மூத்த பேராசிரியர் ஒருவர் என் ஆய்வைப் பாராட்டினார். "விரிவாகப் பேசலாம், இரவு என் அறைக்கு வா" என்றார். எப்படி மறுப்பது?

பதில்: "நாளை காலை இடைவேளையில் இங்கேயே பேசலாம் சார்" என்று சொல்லுங்கள். ஆய்வைப் பற்றிப் பேச நினைப்பவருக்கு அது போதும். அறைக்குப் போக வேண்டாம். அவர் சொன்னதை, சொன்ன சொற்களிலேயே, நேரத்தோடு இன்றே எழுதி வையுங்கள்.

கேள்வி: விருந்தில் ஒரு சம்பவம் நடந்தது. புகார் கொடுக்கலாமா?

பதில்: என்ன சம்பவம், எந்த மாநாடு, ஒன்றுமே சொல்லாமல் கேட்டால் எப்படி? விருந்து, பேருந்துப் பயணம், வாட்ஸ்அப் குழு எல்லாமே மாநாட்டில் சேர்த்திதான். கொடுக்கலாம். அதற்கு முன் நடந்ததை எழுதி வையுங்கள்.

கேள்வி: கணினிப் படச் செயலாக்கம் பற்றிய உரையில், அத்துறையில் பலரும் சோதனைக்குப் பயன்படுத்திவந்த 'லேனா' என்ற பெண்ணின் படத்தைக் காட்டினேன். ஒரு மாணவி ஆட்சேபித்தார். அது வெறும் சோதனைப் படம்தானே?

பதில்: 1972இல் ஆண்களுக்கான பிளேபாய் இதழில் வந்த நிர்வாணப் படத்திலிருந்து வெட்டியெடுத்தது அது. கணினித் துறையினரின் பன்னாட்டு அமைப்பான ஐஇஇஇ கம்ப்யூட்டர் சொசைட்டியே 2024 ஏப்ரல் முதல் புதிய கட்டுரைகளில் அதை அனுமதிப்பதில்லை. ஸ்லைடை மாற்றுங்கள், அந்த மாணவிக்கு நன்றி சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் மாநாட்டு இணையதளத்தில் நடத்தை விதிகளைப் போட்டுவிட்டோம். அது போதாதா?

பதில்: போதாது. அமைப்பாளர்கள் இதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், எனக்குக் கோபம்தான் வருகிறது. நீங்கள் அனுப்பிய விதிகளைப் படித்தேன். மூன்று பக்கம் முழுக்கக் கண்ணியம், பரஸ்பர மரியாதை. புகாருக்கு இருப்பது ஒரே ஒரு மின்னஞ்சல் முகவரி, அதுவும் மாநாட்டுத் தலைவருடையது. புகாரே அவர் மேல் என்றால்? இரவு பத்து மணிக்கு விருந்துக் கூடத்துக்கு வெளியே நடுங்கிக்கொண்டு நிற்கும் முதலாண்டு மாணவி மின்னஞ்சலா எழுதிக்கொண்டிருப்பார்?

இரண்டு பேரையாவது நியமியுங்கள். ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். இருவருமே தலைவரின் ஆய்வகத்து ஆட்களாக இருக்கக் கூடாது. அவர்களுடைய எண்ணை பேட்ஜின் பின்புறம் அச்சடியுங்கள், தொடக்க விழாவில் முகத்தைக் காட்டுங்கள். தவறு செய்தவருக்கு எச்சரிக்கையா, உரை ரத்தா, கட்டணத்தைத் திருப்பித் தராமல் வெளியேற்றமா என்பதையும் முன்பே எழுதிவிடுங்கள். புகார் வந்த பிறகு கூடிப் பேசினால் "பெரிய மனிதர், விட்டுவிடலாம்" என்றுதான் முடியும்.

அப்புறம், புகார் கொடுத்தவரையும் புகாருக்கு ஆளானவரையும் ஓர் அறையில் உட்காரவைத்து "பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்பதை அடியோடு நிறுத்துங்கள். நாளைக்கு அவரிடமே பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டியவர் அங்கே எப்படி வாய் திறப்பார்? அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியம் 2017லேயே துன்புறுத்தலை ஆய்வு முறைகேடுகளில் சேர்த்துவிட்டது. போலித் தரவு பற்றிப் புகார் வந்தால் இருவரையும் சமாதானமாகப் போகச் சொல்வீர்களா?

கேள்வி: என் கேள்விக்குப் பேச்சாளர் அழுதுவிட்டார். கடுமையாகக் கேட்பதும் தவறா?

பதில்: தரவையும் முறையையும் எவ்வளவு வேண்டுமானாலும் கிழியுங்கள். "உன்னை யார் பிஎச்டியில் சேர்த்தது?" என்று கேட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதில் ஆய்வு எங்கே இருக்கிறது? மன்னிப்புக் கேளுங்கள். அமர்வுத் தலைவர் அங்கேயே குறுக்கிட்டிருக்க வேண்டும்.

கேள்வி: பங்கேற்பாளர்களைப் படம் எடுத்துப் பகிரலாமா?

பதில்: கேட்டுவிட்டு.

கேள்வி: இன்னொருவருக்கு நடந்ததைப் பார்த்தேன். நானே புகார் கொடுக்கலாமா?

பதில்: முதலில் அவரிடம் தனியாக, "நான் பார்த்தேன், என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் அவரை நெருக்காதீர்கள். பார்த்ததை மட்டும் நீங்களும் அன்றே எழுதி வையுங்கள், பிறகு அவர் மனம் மாறினால் சாட்சி வேண்டியிருக்கும்.