முதுமலையில் விலங்கு பார்க்க எந்த பைனாகுலர் நல்லது: 8×42-ஆ, 10×50-ஆ?

8×42 வாங்குங்கள். முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது, முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். கடையில் 20 மடங்கு என்றெல்லாம் ஆசை காட்டுவார்கள், மயங்காதீர்கள். மடங்கு கூடினால் கை நடுக்கமும் பெரிதாகும், பார்வைப் பரப்பும் சுருங்கும். மூங்கில் புதருக்குள் நழுவும் மானைத் தேடிப் பிடிப்பதற்குள் அது போயே போய்விடும்.

42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை அத்தனை மில்லிமீட்டர் அகலம். அந்தியில் கண்மணி விரியும்போது இதுதான் கைகொடுக்கும். சட்டைப்பையில் அடங்கும் 8×25-இல் 3 சொச்சம்தான். விடியற்காலையில் காட்டெருமைகூடக் கரிய நிழலாகவே தெரியும். 10×50-இல் 5 கிடைக்கிறது, கழுத்து வலியும் சேர்ந்து.

மூக்குக்கண்ணாடி அணிபவர் என்றால், கண்ணுக்கும் கண்ணருகு லென்ஸுக்குமான இடைவெளி 15 மி.மீ.க்குக் குறையாத மாடலாகப் பாருங்கள். நைட்ரஜன் நிரப்பியதாக இருந்தால் மழைக்காலத்தில் உள்ளே ஆவி படியாது.

வாங்கியதும் இடக்கண்ணால் மட்டும் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருகிக் கூர்மையாக்குங்கள். பிறகு வலக்கண்ணுக்கு, அந்தப் பக்கத்து வளையத்தை மட்டும் திருகுங்கள். பலர் அந்த வளையத்தைத் தொடாமலே கருவியைக் குறை சொல்கிறார்கள்.