பூசணம் என்று தூக்கிப்போட்ட பழம்

கேள்வி: எனக்கு 61 வயது. ஈரோட்டில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கூட வேலை பார்த்த மூன்று சிநேகிதிகளோடு வருகிற நவம்பரில் ஜப்பான் போகிறேன். டோக்கியோ நெரிசல் வேண்டாம், இலையுதிர் காலத்தில் கிராமப்புறம் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். நகோயாவில் இறங்கி, மகோமேயிலிருந்து ட்சுமகோவுக்கு மலைப்பாதையில் நடை, அப்புறம் தகயாமா, ஷிரகவாகோ. சிவந்த மேப்பிள் மரங்களையும், கூரை ஓரத்தில் பழங்களைச் சரம் சரமாகத் தொங்கவிட்டிருக்கும் பழைய வீடுகளையும் படம் எடுக்க ஆசை. ஒரு சிநேகிதி சுத்த சைவம், ரைஸ் குக்கரோடுதான் வருவேன் என்கிறாள். இன்னொருத்திக்குக் கடைவீதி வேண்டும். என் மகள் நகோயாவில்தான் இருக்கிறாள், மாப்பிள்ளை ஜப்பான்காரர். சம்பந்தி வீடு நகட்சுகவா பக்கம் ஒரு கிராமம். கல்யாணத்துக்கு அவர்கள் ஈரோடு வந்து நான்கு நாள் இருந்தார்கள்; நாங்கள் இன்னும் அங்கே போனதில்லை. போனால் ஒரு நாள் வீணாகிவிடும், மொழியும் தெரியாது, இந்தத் தடவை வேண்டாம் என்றேன். அதிலிருந்து மகள் சரியாகப் பேசுவதில்லை. அவர்கள் சாப்பாடும் ஒத்துவராது. போன பொங்கலுக்கு மகள் வந்தபோது சம்பந்தியம்மா கொடுத்தனுப்பிய உலர்ந்த பழத்தில்கூட வெள்ளையாகப் பூசணம் பிடித்திருந்தது, அப்படியே குப்பையில் போட்டோம். மகளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. சிநேகிதிகளையும் விட்டுக்கொடுக்காமல் மகளையும் சமாதானப்படுத்த என்ன வழி?

— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: வெளிநாட்டில் பெண்ணைக் கட்டிக்கொடுத்த அம்மாக்கள் எழுதும் கடிதங்கள் என் மேஜைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. எல்லாவற்றிலும் மகள் கோபமாக இருப்பாள், காரணம் மட்டும் அம்மாவுக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தில் காரணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கடைசிக்கு முந்தின வரிகளில், போகிறபோக்கில், குப்பைக்கூடையோடு சேர்த்து.

அது பூசணம் இல்லை அம்மா. சர்க்கரை.

அந்தப் பழம் பெர்சிமன். அங்கே காக்கி என்பார்கள். அதில் ஒரு வகை பச்சையாக வாயில் வைக்க முடியாத அளவுக்குத் துவர்க்கும். உலர்த்துவதற்கு அதைத்தான் எடுப்பார்கள். காம்பில் சின்னதாக ஒரு குச்சியை விட்டுப் பறித்து, ஒவ்வொன்றாகத் தோல் சீவி, கொதிக்கும் வெந்நீரில் ஒரு முக்கு முக்கி, கயிற்றில் ஒன்றோடொன்று ஒட்டாமல் கட்டி, வெயிலும் காற்றும் படுகிற கூரை ஓரத்தில் தொங்கவிடுவார்கள். மழை வந்தால் உள்ளே கொண்டுபோக வேண்டும். மேல்புறம் கொஞ்சம் காய்ந்ததும் சில நாளுக்கு ஒருமுறை பழத்தை விரலால் மெதுவாகப் பிடித்துவிட வேண்டும். அழுத்தினால் பிய்ந்துவிடும், விட்டுவிட்டால் உள்ளே கட்டி தட்டிவிடும். இப்படி ஒரு மாதம், சில சமயம் அதற்கு மேலும். துவர்ப்பெல்லாம் போய், பழத்தின் உள்ளே இருக்கும் சர்க்கரை மெல்ல வெளியே வந்து மேலே வெள்ளைப் பொடியாகப் படியும். நன்றாகப் படிந்திருந்தால் பழம் நன்றாக வந்திருக்கிறது என்று அர்த்தம். சம்பந்தியம்மா இருப்பதில் நல்லதாகப் பொறுக்கித்தான் உங்களுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

மொட்டை மாடியில் வடகம் பிழிந்துவிட்டு, காக்கைக்குக் காவல் இருந்து, ஒரு தூறல் விழுந்தாலும் ஓடிப்போய் அள்ளிக்கொண்டு வருகிற ஊர்க்காரி நீங்கள். உங்கள் வடகத்தை யாராவது முகர்ந்து பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டால், அந்த வீட்டு வாசலை மறுபடியும் மிதிப்பீர்களா? தெரியாமல் போட்டேன் என்று சொல்லாதீர்கள். தெரியாததைக் கேட்கலாம். கேட்பதற்கு ஆள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

“மகளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் சம்மதித்தாள் என்றா நினைத்தீர்கள்? நசுங்காமல் அத்தனை தூரம் கொண்டுவந்த பெட்டி அது. அம்மா பிரிப்பாள், ஒரு வாய் கடிப்பாள், இது என்ன, யார் செய்தது என்று கேட்பாள் என்று காத்திருந்திருப்பாள். சரி, அது போகட்டும். அவள் திரும்பிப் போனதும் மாமியார் “அம்மாவுக்குப் பிடித்ததா?” என்று கேட்காமலா இருந்திருப்பார்? உங்கள் மகள் என்ன பதில் சொல்லியிருப்பாள் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். பிடித்தது என்று பொய் சொல்லியிருப்பாள். உங்கள் மானத்தைக் காப்பாற்றச் சொன்ன பொய். இந்தத் தடவை நீங்களே நேரில் வருகிறீர்கள், அம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்விடலாம் என்று இருந்தவளிடம் “ஒரு நாள் வீணாகிவிடும்” என்றிருக்கிறீர்கள். பேசாமல் இருக்கிறாள் என்று ஆச்சரியம் வேறு.

61 வயதில் சிநேகிதிகளோடு ஊர் சுற்றுவதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. பிள்ளைகளுக்கு உழைத்துத் தேய்ந்தது போதும், நன்றாகப் போய் வாருங்கள். ஆனால் பெண்ணை ஒரு வீட்டுக்குக் கொடுத்தால் அந்த வீட்டு வாசலுக்குத் தாய் ஒருமுறையாவது போய் வர வேண்டும் என்பது என் கட்சி. பழைய பஞ்சாங்கம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். தனக்கு ஒரு குடும்பம் இருக்கிறது, அது தன்னைத் தேடி வரும் என்று அந்தப் பெண் காட்ட வேண்டிய இடம் அது. ஜப்பானானாலும் பவானியானாலும் எனக்கு ஒன்றுதான். அவர்கள் கடல் தாண்டி வந்து நான்கு நாள் தங்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். நீங்கள் அந்தப் பக்கமே போகிறீர்கள், யாரோ முன்பின் தெரியாதவர் வீட்டுக் கூரையில் தொங்கும் பழத்தைப் படம் எடுக்க.

ஒரு நாள் வீணாகும் கணக்கையும் பார்த்துவிடலாம். நகோயாவிலிருந்து ஷினானோ எக்ஸ்பிரஸில் நகட்சுகவா ஒரு மணி நேரம்கூட ஆகாது. மகோமேக்குப் பஸ் பிடிக்க நீங்கள் இறங்கப் போவதும் அதே நகட்சுகவா ஸ்டேஷனில்தான்! உங்கள் பயணத் திட்டத்தை எடுத்துப் பாருங்கள். சம்பந்தி ஊர் ஸ்டேஷனில் இறங்கி, அவர்கள் வீட்டுக்குப் போகாமல் பஸ் ஏறுகிற திட்டத்தைத்தான் போட்டு வைத்திருக்கிறீர்கள்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். நான்கு பேரும் கும்பலாக அந்த வீட்டில் போய் இறங்க வேண்டாம். முன்பின் பார்க்காத மூன்று பேரையும் சேர்த்து நான்கு பேருக்குச் சமைத்துப் போடும் பாரத்தை எந்தச் சம்பந்தி தலையிலும் வைக்கக்கூடாது. சிநேகிதிகள் மகோமேயிலிருந்து ட்சுமகோவுக்கு நடக்கட்டும். எட்டு கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் மூன்று மணி நேரம். முதலில் கணவாய் வரை ஏற்றம், பிறகு இறக்கம். வழியில் கரடியை விரட்ட மணி தொங்கவிட்டிருப்பார்கள், அடித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். ட்சுமகோவில் ராத்திரி தங்கட்டும். வீட்டை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று ஊரே கூடி முடிவெடுத்துக் காப்பாற்றி வைத்திருக்கும் தெரு அது. பகலில் அந்தத் தெருவில் கார்கூட ஓடாது. நீங்கள் அன்று மகளோடு சம்பந்தி வீட்டில் இருந்துவிட்டு, மறுநாள் அவர்களோடு சேர்ந்துகொண்டு தகயாமா போகலாம். நடை போய்விடுகிறதே என்று வருத்தமாக இருந்தால் இருக்கட்டும்.

மொழி தெரியாது என்கிறீர்கள். நீங்கள் போகும் நவம்பர்தான் அந்தப் பழத்தைப் பறித்துத் தோல் சீவும் காலம். கத்தியைக் கேட்டு வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். சீவுவதற்கு மொழி வேண்டாம். மிச்சத்தை மகள் பார்த்துக்கொள்வாள். குப்பையில் போட்ட கதையைச் சம்பந்தியம்மாவிடம் சொல்லித் தொலைக்காதீர்கள், மகள் சொன்ன பொய் கெட்டுவிடும். சீவி முடித்ததும் போன வருஷத்துப் பழம் ஒன்று கொடுப்பார்கள். முகத்தைச் சுளிக்காமல் சாப்பிடுங்கள். சுளிக்கவும் மாட்டீர்கள், பேரீச்சம்பழம் பிடிக்குமென்றால் இதுவும் பிடிக்கும்.

வெறுங்கையோடு போக வேண்டாம். மலையடிவாரத்தில் அந்த மாதத்து இரவுகள் நன்றாகக் குளிரும், சென்னிமலைப் போர்வை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். எள்ளுருண்டை, முறுக்கு போதும். மாம்பழம், கறிவேப்பிலை என்று பச்சையாக எதையும் கட்டாதீர்கள், விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள். வீட்டுக்குள் நுழையும் முன் செருப்பை வாசலில் விட வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

சிநேகிதிகள் விஷயம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கடைவீதி கேட்பவரை நகோயாவில் ஒரு பகல் அவிழ்த்து விடுங்கள். நகட்சுகவாவில் கஷ்கொட்டையில் (செஸ்ட்நட்) செய்யும் ஒரு இனிப்பு இலையுதிர் காலத்தில் மட்டும் கிடைக்கும், பெயர் குரி கின்டோன். அதையும் வாங்கிக்கொள்ளட்டும். சைவச் சிநேகிதியின் கவலை மட்டும் நியாயமானது. அங்கே சூப்பிலும் தொட்டுக்கொள்ளும் சாற்றிலும் மீன் கொதித்த நீர் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பாரம்பரிய விடுதிகளில் இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் தலைக்கு இவ்வளவு என்று வாடகையோடு சேர்ந்தே வரும், முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடுவார்கள். போய் உட்கார்ந்த பிறகு மீன் வேண்டாம் என்றால் அவர்களுக்கும் கஷ்டம், இவருக்கும் பட்டினி. அறை பதிவு செய்யும்போதே மீன்சாறுகூடக் கூடாது என்று ஜப்பானிய மொழியில் எழுதி அனுப்ப வேண்டும். பாய் விரித்த அறையில் குக்கர் வைத்துச் சோறு பொங்க விட மாட்டார்கள். அதை ஈரோட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

அந்தக் கடிதத்தை ஜப்பானிய மொழியில் எழுத உங்களுக்கு யார் இருக்கிறார்கள்? அதே மகள்தான். ஆனால் அதற்காகக் கூப்பிடாதீர்கள். முதலில் பழத்தைப் பற்றிப் பேசுங்கள். தெரியாமல் போட்டுவிட்டேன், நவம்பரில் உன் மாமியாரைப் பார்க்க வருகிறேன், எந்த நாள் அவர்களுக்குச் சௌகரியம் என்று கேட்டுச் சொல் என்று கேளுங்கள். விடுதி விஷயம் அடுத்த வாரத்துக்கு இருக்கட்டும். பக்கத்தில் சிநேகிதிகளை வைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டுப் பேச வேண்டாம். அங்கே நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, ஆறு மணிக்குள் கூப்பிட்டுவிடுங்கள்.