தீர்ப்பு நகலும் சோதனைக்குழாயும்: ஒரு புத்தகக் கேள்வி பதில்

பாரிமுனையில் ஒரு சட்டப் புத்தகக் கடையில் 26 வருடம் கல்லாவுக்கும் அலமாரிக்கும் நடுவில் நின்றவன் நான். வக்கீலும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. மழைக்கு ஆள் வராத மத்தியானங்களில் தீர்ப்புத் தொகுதிகளைப் புரட்டிப் புரட்டி வந்த பழக்கம், அவ்வளவுதான். சட்ட அநீதி, ஆய்வகம், சர்வதேசச் சட்டம் பற்றிய கதையல்லாத புத்தகங்களைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

துரைப்பாக்கம், மென்பொருள் ஊழியர்: அண்ணா, நேரமே கிடைப்பதில்லை. இந்த மூன்றும் ஒன்றாக வருகிற ஒரே புத்தகம் சொல்ல முடியுமா?

விளையாட்டாகக் கேட்டிருப்பீர்கள். ஆனால் அப்படி ஒன்று இருக்கிறது. நம்பி நாராயணன், அருண் ராமுடன் சேர்ந்து எழுதிய 'ரெடி டு ஃபயர்' (2018). நாகர்கோவில்காரர், மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் படித்தவர், இஸ்ரோவின் விகாஸ் எஞ்சினுக்குப் பின்னால் இருந்தவர். 1994 நவம்பர் 30 அன்று கேரள போலீஸ் அவரைக் கைது செய்தது. ராக்கெட் ரகசியங்களை மாலத்தீவுப் பெண்கள் வழியாகப் பாகிஸ்தானுக்கு விற்றார் என்பது குற்றச்சாட்டு. 1996-இல் சிபிஐ விசாரித்து, வழக்கில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டது. 2018 செப்டம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. கைதுக்கும் அந்த உத்தரவுக்கும் நடுவே கிட்டத்தட்ட 24 வருடம்.

எஞ்சின் பற்றிய பக்கங்களை நிறையப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டாதீர்கள். ஒரு ராக்கெட் எஞ்சினை எப்படிச் செய்கிறார்கள், எத்தனை தடவை சோதிக்கிறார்கள் என்று தெரிந்தால்தான், வரைபடத்தைப் பையில் போட்டுக் கொடுத்தார் என்ற கதை எவ்வளவு அபத்தம் என்று உறைக்கும். விற்றதாகச் சொல்லப்பட்ட கிரையோஜெனிக் தொழில்நுட்பம் (மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் எஞ்சினை ஓட்டுவது) அன்றைக்கு நம்மிடமே கைகூடியிருக்கவில்லை. நம்முடைய சொந்தக் கிரையோஜெனிக் எஞ்சினோடு ஜிஎஸ்எல்வி ராக்கெட் ஒழுங்காகப் பறந்தது 2014 ஜனவரியில்தான்.

சர்வதேசச் சட்டம் எங்கே வருகிறது என்றால், 1991-இல் அன்றைய சோவியத் யூனியனின் விண்வெளி நிறுவனமான கிளாவ்காஸ்மாஸோடு இந்தியா கிரையோஜெனிக் ஒப்பந்தம் போட்டது. ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டைக் காட்டி 1992-இல் அமெரிக்கா இரண்டு தரப்பின் மீதும் தடை போட்டது. மறு வருடம் ரஷ்யா தொழில்நுட்பத்தைத் தராமல் பின்வாங்கியது. அந்த ஏற்பாடு ஒரு உடன்படிக்கையே இல்லை, சில நாடுகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட புரிதல். அப்போது ரஷ்யாவும் அதில் உறுப்பினர் இல்லை, இந்தியாவும் இல்லை. கையெழுத்தே போடாத காகிதத்துக்குக் கட்டுப்பட வேண்டி வந்த கதை! சர்வதேசச் சட்டம் நடைமுறையில் எப்படி ஓடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

வேளச்சேரி, சட்ட மாணவி: எல்லோரும் 'ஜஸ்ட் மெர்சி' படி என்கிறார்கள். அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு சார்? தமிழ்நாட்டைப் பற்றி எதுவும் இல்லையா?

இரண்டையும் படியுங்கம்மா. பிரையன் ஸ்டீவன்சனின் 'ஜஸ்ட் மெர்சி' 2014-இல் வந்தது. அலபாமாவில் வால்டர் மெக்மில்லியன் என்ற கறுப்பின மனிதரை, செய்யாத ஒரு கொலைக்காக, விசாரணை தொடங்கும் முன்பே மரண தண்டனைக் கைதிகள் பிரிவில் அடைத்துவிட்டார்கள். நடுவர் குழு ஆயுள் தண்டனை போதும் என்றது. நீதிபதி அதை மாற்றி மரண தண்டனை என்று எழுதினார். 1993-இல்தான் வெளியே வந்தார். சட்ட மாணவி கவனிக்க வேண்டிய இடம் அந்த நீதிபதி மாற்றி எழுதுகிற இடம். சாட்சி ஒருவன் பொய் சொன்னதால் மட்டும் அநீதி நடந்துவிடவில்லை, சட்டமே அதற்கு வாசல் வைத்திருந்தது.

நம் ஊருக்கு வந்தால் முதலில் மு. சந்திரகுமாரின் 'லாக்கப்'. கோவை ஆட்டோ ஓட்டுநர். 1983-இல் குண்டூரில் பிழைக்கப் போன இடத்தில், செய்யாத திருட்டுக்கு அடி வாங்கியதை எழுதினார். 'விசாரணை' படம் இதிலிருந்து வந்ததுதான். மெலிந்த புத்தகம், ஆனால் ராத்திரி படிக்காதீர்கள்.

அப்புறம் நீதியரசர் சந்துருவின் 'நானும் நீதிபதி ஆனேன்'. பெண்கள் தொடுத்த வழக்குகளைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'லிசன் டு மை கேஸ்' (2021) இன்னும் எனக்குப் பிடிக்கும். வழக்குக் கட்டில் ஒரு எண்ணாக இருக்கிற மனுஷியை அதில் முகத்தோடு பார்க்கலாம்.

மூன்றாவது, மைதிலி சிவராமனின் கட்டுரைத் தொகுப்பு 'ஹான்டட் பை ஃபயர்' (2013). கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கீழ் நீதிமன்றம் நிலக்கிழார்களுக்குத் தண்டனை கொடுத்தது, உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்களா என்ற தொனியில் ஒரு வாதம் அந்தத் தீர்ப்பில் வருகிறது. அந்தப் பத்தியைக் கடையில் ஒரு ஜூனியர் வக்கீலிடம் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் எதுவும் பேசாமல் நின்றுவிட்டு, வாங்க வந்த புத்தகத்தையும் மறந்து போய்விட்டார்.

குரோம்பேட்டை, ஆசிரியர்: 'சோளகர் தொட்டி'யை ஏன் சொல்லவில்லை?

வீரப்பன் தேடுதல் வேட்டையில் மலைப் பழங்குடிகள் பட்ட பாட்டைச் சொல்வது. ச. பாலமுருகன் வழக்கறிஞர், நேரில் கேட்டுத் தெரிந்ததைத்தான் எழுதினார். ஆனால் அது நாவல். நாவல் பட்டியல் போட்டால் முதலில் அதுதான்.

பெரம்பூர், லேப் டெக்னீஷியன்: விஞ்ஞானி வாழ்க்கை வரலாறு என்றாலே மேதை, தியாகம், பரிசு என்றுதான் எழுதுகிறார்கள். லேபுக்குள் நடக்கிற நிஜச் சண்டையை எழுதிய புத்தகம் உண்டா?

உண்டு. ஜேம்ஸ் வாட்சனின் 'தி டபுள் ஹீலிக்ஸ்' (1968), டிஎன்ஏவின் வடிவத்தைக் கண்டுபிடித்த கதை. ஆள் சுயதம்பட்டம், பெண்களைப் பற்றி எழுதுவது பல இடத்தில் எரிச்சல். ஆனால் போட்டி, வம்பு, எட்டிப் பார்ப்பது எதையும் மறைக்கவில்லை. அதை முடித்த கையோடு பிரெண்டா மேடாக்ஸ் எழுதிய ரோசலிண்ட் பிராங்க்ளின் வரலாற்றை (2002) எடுங்கள். 51 என்று எண்ணிட்ட டிஎன்ஏ எக்ஸ்ரே படத்தை எடுத்தவர் பிராங்க்ளினிடம் வேலை பார்த்த மாணவர் ரேமண்ட் கோஸ்லிங், 1952 மே மாதம். 1953 ஜனவரியில் பிராங்க்ளினுக்குத் தெரியாமல் அது வாட்சன் கண்ணுக்குப் போனது. 1958-இல் பிராங்க்ளின் இறந்துவிட்டார், வாட்சன் தரப்புக்கு நோபல் வந்தது 1962-இல். இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், குறுக்கு விசாரணை பார்த்த மாதிரி இருக்கும்.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் 'ஜீன் மெஷின்' (2018) இன்னும் நேர்மையானது. இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, உயிரியலுக்காக மறுபடி மாணவராகப் போய் உட்கார்ந்தவர். செல்லுக்குள் புரதம் செய்கிற ரைபோசோமின் வடிவத்தைக் கண்டுபிடிக்கும் பந்தயத்தில் தன் பொறாமை, பதற்றம், பரிசு அரசியல் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்.

அப்புறம் நம்ம கிண்டி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் கொலாஜனுக்கு (தோலிலும் தசைநாணிலும் இருக்கிற புரதம்) முச்சுருள் வடிவம் சொன்னார்கள். அவர்கள் பயன்படுத்தியது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கங்காரு வால் தசைநாண்! மறு வருடமே வாட்சனின் கூட்டாளி கிரிக்கும், ரிச் என்பவரும் எதிர்க் கேள்வி போட்டார்கள்: உங்கள் மாதிரியில் அணுக்கள் இவ்வளவு நெருக்கமாக இருக்க முடியுமா? ராமச்சந்திரன் கோபப்பட்டு நிற்கவில்லை. எவ்வளவு நெருக்கம் சாத்தியம் என்று இருக்கிற படிக வடிவங்களை எல்லாம் தேடி அளவெடுத்தார். அதில் பிறந்ததுதான் 1963-இல் வந்த ராமச்சந்திரன் வரைபடம். இன்றைக்கும் புதிதாக ஒரு புரத வடிவம் வந்தால் அதை வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். ரகுபதி சர்மா எழுதிய வாழ்க்கை வரலாறு இருக்கிறது. கிண்டி வழியாகத் தினம் பஸ்ஸில் போகிற நமக்கு இது தெரியாமல் இருப்பது கொஞ்சம் அநியாயம்தான்.

முகப்பேர், இல்லத்தரசி: ஹென்ரியட்டா லாக்ஸ் புத்தகம் மருத்துவம் படிக்காதவருக்குப் புரியுமா?

தாராளமாக. ரெபெக்கா ஸ்க்லூட் 2010-இல் எழுதியது. 1951-இல் பால்டிமோரில் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோயோடு வந்த ஒரு தாயின் திசுவை, அவரைக் கேட்காமலே எடுத்தார்கள். அந்தச் செல்கள் சாகாமல் பெருகிக்கொண்டே இருந்தன, போலியோ தடுப்பூசி ஆராய்ச்சி வரைக்கும் உதவின. குடும்பத்துக்கு விஷயம் தெரிந்ததே 1970-களில்தான். செல் அறிவியலைவிட, மகள் டெபோராவோடு எழுத்தாளர் அலைகிற பகுதிகள்தான் மனதில் நிற்கும்.

மயிலாப்பூர், பயிற்சி வழக்கறிஞர்: டிஎன்ஏ ரிப்போர்ட் வந்துவிட்டால் கேஸ் முடிந்தது என்கிறார் என் சீனியர். அப்படித்தானா?

தம்பி, உங்கள் ஊரிலேயே தடய அறிவியல் துறை அலுவலகம் இருக்கிறது. இந்தியாவில் இந்த வேலைக்கு முதல் ரசாயனப் பரிசோதனைக் கூடம் வைத்ததும் நம்ம மதராஸ்தான், 1849-இல். அதனால் இந்தக் கேள்வி சென்னையிலிருந்து வருவது பொருத்தம்.

ஜோசப் வாம்போவின் 'தி பிளடிங்' (1989) படியுங்கள். இங்கிலாந்தில் லெஸ்டர் பக்கத்துக் கிராமப்புறத்தில் 1983-லும் 1986-லும் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் அதில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிட்டான். அலெக் ஜெஃப்ரீஸ் 1984-இல் கண்டுபிடித்த டிஎன்ஏ முறையைப் போட்டுப் பார்த்தால், இரண்டையும் செய்தது ஒரே ஆள், இந்தப் பையன் இல்லை! ஆக, ஒரு கொலை வழக்கில் டிஎன்ஏ செய்த முதல் காரியம் ஒரு நிரபராதியை விடுவித்தது. ஊர் ஆண்களிடம் எல்லாம் போலீஸ் ரத்தம் கேட்டபோது, நிஜக் குற்றவாளி தனக்குப் பதில் இன்னொருவரை ரத்தம் கொடுக்கவைத்துத் தப்பினான். ரத்தம் கொடுத்தவர் மதுக்கடையில் உளறியதால் மாட்டினான். ஆய்வகம் சரியாகத்தான் சொன்னது, குழாய்க்குள் போன ரத்தம்தான் வேறு ஆளுடையது. உங்கள் சீனியருக்கு அந்த ஒரு இடம் போதும்.

இன்னும் ஆழம் வேண்டுமானால் பிராண்டன் காரெட்டின் 'கன்விக்டிங் தி இன்னசன்ட்' (2011). டிஎன்ஏவால் விடுதலையான முதல் 250 அமெரிக்கர்களின் வழக்குக் கட்டுகளை உட்கார்ந்து படித்திருக்கிறார். 190 பேர் விஷயத்தில் கண்ணால் கண்ட சாட்சி தப்பாக அடையாளம் காட்டியிருக்கிறது. 'ஆட்டாப்சி ஆஃப் எ கிரைம் லேப்' (2021) அவருடையதுதான், ஆய்வகத்தின் பக்கத் தவறுகளைச் சொல்வது.

ராயபுரம், ஓய்வு பெற்ற துறைமுக ஊழியர்: சர்வதேசச் சட்டம் எல்லாம் ஐ.நா.வில் கோட் போட்டவர்கள் பேசுவது. நம்ம ஜனத்துக்கு அதில் என்ன ஐயா இருக்கிறது?

துறைமுகத்தில் இருந்தவர் இப்படிக் கேட்கலாமா? உயர் நீதிமன்றக் கிழக்குச் சுவர் ஓரம் ஒரு கல்வெட்டு இருக்கிறதே. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் போட்ட குண்டு விழுந்த இடம். 'அவன் சரியான எம்டன்' என்று நம் பாட்டிமார் திட்டியது அங்கிருந்து வந்தது. பாதுகாப்பில்லாத துறைமுகத்தைக் கடலிலிருந்து குண்டு போடக் கூடாது என்று 1907-லேயே ஹேக் நகரில் ஒப்பந்தம் எழுதியிருந்தார்கள். கோட்டையில் பீரங்கி வைத்திருந்த மதராஸ் பாதுகாப்பில்லாத ஊரா? எம்டன் சுட்ட எண்ணெய்த் தொட்டி போர் இலக்கா? இதெல்லாம் சட்டக் கேள்விகள், நம்ம கடற்கரையில் எழுந்தவை.

படிக்க, பிலிப் சாண்ட்ஸின் 'ஈஸ்ட் வெஸ்ட் ஸ்ட்ரீட்' (2016). இன்று உக்ரைனில் இருக்கும் லிவிவ் நகரத்தில் சட்டம் படித்த இரண்டு பேர். லாட்டர்பாக்ட், 'மானுடத்துக்கு எதிரான குற்றம்' என்பதை, நாஜித் தலைவர்களை விசாரித்த நூரம்பெர்க் வழக்குக்குள் கொண்டுவந்தவர். லெம்கின், 'இனப்படுகொலை' என்பதற்கான ஆங்கிலச் சொல்லையே 1944-இல் உருவாக்கியவர். ஒருவருக்குத் தனிமனிதன் முக்கியம், மற்றவருக்கு இனக்குழு. ஈழத்துக்குப் பிறகு இந்த இரண்டு சொல்லையும் தமிழர்கள் அளவுக்கு மாற்றி மாற்றி உச்சரித்தவர்கள் குறைவு. அவை எங்கே எப்படிப் பிறந்தன என்பதைத் தெரிந்துகொண்டு பேசலாம் அல்லவா?

அவருடையதே 'தி லாஸ்ட் காலனி' (2022). இந்தியப் பெருங்கடலில் இருக்கிற சாகோஸ் தீவுகளிலிருந்து ஜனங்களைப் பிரிட்டன் கப்பலேற்றி வெளியேற்றியது. அந்தத் தீவுக்கூட்டத்தின் மீதான நிர்வாகத்தைப் பிரிட்டன் முடித்துக்கொள்ள வேண்டும் என்று 2019 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. சாண்ட்ஸ், அந்தத் தீவுகளுக்கு உரிமை கேட்ட மொரீஷியஸ் தரப்பு வக்கீல், அதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும். அதே கூட்டத்தின் டியகோ கார்சியா தீவில்தான் 2021 அக்டோபரில் இலங்கைத் தமிழர்கள் ஏறிய படகு ஒன்று ஒதுங்கி, அவர்கள் மூன்று வருடம் போல அங்கே கிடந்தார்கள். கோட் போட்டவர்கள் விவகாரம் மட்டும் இல்லை ஐயா.

அண்ணா நகர், வழக்கறிஞர்: நீங்கள் சொல்வதில் பாதி, பாதிக்கப்பட்டவரோ அவர் வக்கீலோ எழுதியது. ஒருதலைப்பட்சமாக இருக்காதா?

இருக்கும். மறுக்கவில்லை. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட பேரறிவாளன் எழுதியதன் தலைப்பே 'தூக்குக் கொட்டடியிலிருந்து ஒரு முறையீட்டு மடல்'. முறையீடு என்று சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறார். அதைப் படித்தால் கூடவே 1999-ஆம் வருட உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் படிப்பேன். பூந்தமல்லி தடா நீதிமன்றம் தூக்கு விதித்த 26 பேரில் 19 பேரை விடுவித்து, அவருக்குத் தூக்கை உறுதி செய்த தீர்ப்பு. வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியே, அவர் சொன்னதில் ஒரு பகுதியைத் தான் எழுதவில்லை என்று 2013-இல் சொன்னதையும் சேர்த்துக்கொள்வேன். 2022 மே 18 விடுதலை உத்தரவு கடைசியில். நான்கையும் படித்துவிட்டு நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும் எனக்குச் சண்டை இல்லை. புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு நிற்பவரிடமும், தீர்ப்பை மட்டும் படித்துவிட்டு நிற்பவரிடமும்தான் எனக்குப் பேச்சு வராது.

பலர்: இதெல்லாம் விலை அதிகமாயிற்றே, எங்கே கிடைக்கும்?

ஆங்கிலப் புத்தகங்களுக்கு முதலில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், பிறகு எழும்பூர் கன்னிமாரா. தமிழ்ப் புத்தகங்களை ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியில் தள்ளுபடியோடு வாங்கிக்கொள்ளலாம். 'லாக்கப்' என்னிடம் இரண்டு பிரதி இருந்தது. ஒன்றை இரவல் வாங்கிப் போன திருவல்லிக்கேணி நண்பர் இதைப் படிப்பார் என்று தெரியும்.