Re: ஏசிஎல் (முட்டி ஜவ்வு) அறுவைக்குப் பின் ஆட வந்த தங்கையை ரசிகர்கள் திட்டுகிறார்கள்

வணக்கம். அறுவை முடிந்து 10 மாதத்தில் உங்கள் தங்கை கல்லூரி கூடைப்பந்து அணிக்குத் திரும்பியதும் "பயந்து ஆடுகிறாள்" என்று எழுதுகிறார்கள், அதைப் படித்துவிட்டு கூடுதல் நேரம் ஆடக் கேட்கிறாள் என்கிறீர்கள். தயவுசெய்து அதற்கு விடாதீர்கள்.

ரசிகர்கள் "பயம்" என்று சொல்வது பல நேரங்களில் தொடைத் தசையின் பலவீனம். குதித்து இறங்கும்போது கவனியுங்கள்: எடையை நல்ல காலுக்குத் தள்ளுவாள், ஆபரேஷன் ஆன முட்டி சரியாக மடங்காது. மன உறுதியால் மட்டும் தீரும் விஷயமில்லை இது. பிசியோவிடம் இரண்டு கால்களின் தொடைத் தசை பலத்தையும் கருவியில் அளக்கச் சொல்லுங்கள். ஒற்றைக்கால் தாவல் சோதனையும் வேண்டும். இரண்டிலும் அடிபட்ட கால் மற்றதில் 90 சதவீதமாவது வர வேண்டும். தாவலில் மட்டும் 90 வந்தால் நம்பாதீர்கள். இடுப்பும் கணுக்காலும் முட்டியின் குறையை மறைத்துவிடும். இளம் வயதில் ஆட்டத்துக்குத் திரும்பும் முதல் இரண்டு ஆண்டுகளில்தான் ஜவ்வு மறுபடி கிழியும் ஆபத்து அதிகம், நல்ல காலிலும்கூட.

ஆட்ட நேரத்தை பிசியோவும் கோச்சும் முடிவு செய்யட்டும். மறுநாள் முட்டி வீங்கினால் குறைத்தே ஆக வேண்டும்.

இன்ஸ்டாகிராமில் 'ஹிட்டன் வேர்ட்ஸ்' (நாம் குறிக்கும் சொற்கள் உள்ள கமெண்ட்களை மறைக்கும் வசதி) போய் வசைச் சொற்களை, திரித்து எழுதும் வடிவங்களோடு, சேர்த்துவிடுங்கள். ஆட்ட நாளில் அவள் கணக்கை நீங்களே பாருங்கள். மிரட்டல் வந்தால் முதலில் ஸ்க்ரீன்ஷாட், பிறகு பிளாக். யாருக்கும் பதில் எழுத வேண்டாம், மருத்துவ விவரம் சொல்லி நியாயப்படுத்தவே வேண்டாம். எந்த முட்டி என்று எதிரணிக்கும் தெரிந்துவிடும்.