டெங்கு வந்து போனவரிடம் ஆன்டிபாடி மரபணு ஆய்வுக்கு ரத்தம் கேட்டால் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் வாப்பாவுக்கு 62 வயது. போன ஐப்பசி மழையில் டெங்கு வந்து, ஆஸ்பத்திரியில் இருந்து தேறி வந்தார். இப்போது ஓர் ஆராய்ச்சிக் குழு கீழக்கரைக்கு வந்து, டெங்கு வந்து போனவர்களிடம் 5 மில்லி ரத்தம் கேட்கிறது. ஆன்டிபாடி மரபணுக்களை டி.என்.ஏ. சீக்வென்சிங் செய்து, அதாவது அவற்றின் எழுத்து வரிசையைப் படித்துப் பார்ப்பார்களாம். கொடுக்கலாமா? அந்த ரிப்போர்ட் வந்தால் இனிமேல் டெங்கு வராது என்று தெரிந்துவிடுமா? உம்மா ரொம்பப் பயப்படுகிறார்.

பதில்: கொடுக்கலாம் தம்பி. 5 மில்லி என்பது லேபில் வழக்கமாக எடுக்கிற அளவுதான், அதனால் உடம்பு தளராது என்று உம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள். ஆனால் இனிமேல் டெங்கு வருமா வராதா என்பதை அந்த ரிப்போர்ட் சொல்லாது. ஏன் சொல்லாது என்பதைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுவது நல்லது.

ஆன்டிபாடி என்பது கிருமியில் ஒட்டிக்கொண்டு அதை அடக்குகிற புரதம். அதை உண்டாக்குகிறவை பி செல்கள் என்ற வெள்ளணுக்கள். ஒவ்வொரு பி செல்லும் வளரும்போது தன் டி.என்.ஏ.வையே வெட்டி ஒட்டிக்கொள்கிறது. ஆன்டிபாடி என்பது கனமான சங்கிலி, லேசான சங்கிலி என்ற இரண்டு வகைப் புரத இழைகள் சேர்ந்தது. கனமான சங்கிலிக்கு வி வகை டி.என்.ஏ. துண்டு சுமார் 40, டி வகை 23, ஜே வகை 6 நம்மிடம் இருக்கின்றன. அதில் ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றை எடுத்து இணைக்கிறது, இணைக்கும் இடத்தில் சில டி.என்.ஏ. எழுத்துகளைக் கழிக்கிறது, புதிதாகச் சிலவற்றைச் சேர்க்கிறது. லேசான சங்கிலிக்கும் கிட்டத்தட்ட இதே வேலை நடக்கிறது. அப்புறம் கிருமி உள்ளே வந்ததும், அதில் ஒட்டக்கூடிய செல் மட்டும் பெருகி, பெருகும்போதே தன் ஆன்டிபாடி மரபணுவில் சின்னச் சின்ன மாற்றங்களைச் செய்து, இன்னும் நன்றாக ஒட்டுகிறவையே மிஞ்சும்படி பார்த்துக்கொள்கிறது. பரம்பரையாக வந்த டி.என்.ஏ. ஆயுள் முழுக்க மாறாமல் இருக்கும் என்று நம்பியிருந்த காலத்தில், 1976-ல், இந்த வெட்டி ஒட்டும் வேலையைக் காட்டியவர் சுசுமு டோனெகாவா. 1987-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சீக்வென்சிங் செய்கிறவர்கள் படிப்பது அந்த ஒட்டுப்போட்ட பகுதியைத்தான். எந்தெந்த வகை ஆன்டிபாடி இருக்கிறது, ஒரே பி செல்லிலிருந்து வந்த எந்தக் குடும்பம் பெருகியிருக்கிறது, எவ்வளவு மாற்றம் சேர்ந்திருக்கிறது என்பதெல்லாம் தெரியும். அது எதில் ஒட்டும் என்பது மட்டும் எழுத்து வரிசையில் இருந்து நேராகத் தெரியாது. பாம்பன் துறையில் நிற்கிற படகுகளின் பதிவு எண்களை எல்லாம் எழுதிக்கொண்டாலும் எந்தப் படகு என்ன மீன் பிடித்தது என்று சொல்ல முடியாதே, அப்படித்தான். அதைக் கண்டுபிடிக்க, கனமான சங்கிலி, லேசான சங்கிலி இரண்டும் ஜோடியாகத் தெரிய வேண்டும் (செல்களை மொத்தமாகக் கலந்து படித்தால் எது எதற்கு ஜோடி என்பது தொலைந்துவிடும், தனித்தனி செல்லாகப் படித்தால்தான் கிடைக்கும்), பிறகு அந்த ஆன்டிபாடியை லேபில் செய்து வைரஸோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்னொரு விஷயம், உடம்பில் மொத்தம் பத்தாயிரம் கோடி அளவுக்கு பி செல்கள் இருக்கின்றன, 5 மில்லியில் வருவது சில லட்சங்களோ இருபது லட்சமோதான். மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் நெறிகட்டிகளிலும் இருப்பவை அந்தக் குழாயில் வராது.

அப்படியென்றால் எதற்கு இந்த ஆய்வு? பலருடைய ரத்தத்தைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் இதன் பலன். டெங்கு வந்த, ஒருவருக்கொருவர் உறவே இல்லாத பலரிடம் ஏறக்குறைய ஒரே மாதிரியான ஆன்டிபாடி வரிசைகள் தோன்றுவதை 2013-லேயே கண்டிருக்கிறார்கள். டெங்குவில் நான்கு வகை இருக்கிறது. ஒரு வகைக்கு உண்டான ஆன்டிபாடி இன்னொரு வகையை அடக்காமல் வெறுமனே ஒட்டிக்கொண்டு, வைரஸ் செல்லுக்குள் நுழைய வழி செய்துவிடலாம். நான்கையும் அடக்குகிற ஆன்டிபாடி எது, கெடுதல் செய்வது எது என்று பிரித்தறிய உங்கள் வாப்பா மாதிரி தேறி வந்தவர்களின் ரத்தம்தான் வேண்டும். இதை நான் மிக முக்கியமான வேலையாக நினைக்கிறேன், நம் கடற்கரை ஊர்க்காரர்களின் ரத்தமும் அந்தக் கணக்கில் சேர வேண்டும் என்றும் ஆசைப்படுகிறேன்.

சரி, கையெழுத்துக்கு முன் என்ன கேட்பது? ஆய்வு முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளும் உரிமை அதில் எழுதியிருக்க வேண்டும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகள் இதைத்தான் சொல்கின்றன. மீதி ரத்தத்தை என்ன செய்வார்கள் என்பதை அவசியம் கேளுங்கள், ஏனென்றால் இந்த ஆய்வு ஆன்டிபாடிப் பகுதியை மட்டும் படித்தாலும், சேமித்து வைத்த டி.என்.ஏ.வில் குடும்பத்தின் மற்ற தகவல் எல்லாமே இருக்கிறது. வேறு ஆய்வுக்குக் கூடாது என்றால் படிவத்திலேயே அப்படி எழுதச் சொல்லலாம். கூடவே, ஒரே பி செல் குடும்பம் அளவுக்கு மீறிப் பெருகியிருப்பது தெரிந்தால் சொல்வீர்களா என்றும் கேளுங்கள். வயதானவர்களிடம் எப்போதாவது அப்படித் தென்படும், பெரும்பாலும் ஆபத்தில்லை, ஆனாலும் ரத்த நோய் மருத்துவர் ஒருமுறை பார்க்க வேண்டியது. இந்த ஆய்வுக்கென்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

ரத்தத்தில் பழைய டெங்கு ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கிற ஐ.ஜி.ஜி. சோதனையும் இப்போது வேண்டாம். அது முன்பு டெங்கு வந்ததா என்றுதான் காட்டும், அது உங்களுக்கே தெரியும்.

வாப்பாவுக்குப் போன ஐப்பசியில் வந்தது டெங்குவின் நான்கு வகையில் ஒன்றாகத்தான் இருக்கும், வேறு வகை வரலாம், இரண்டாவது முறை கடுமையாகவும் ஆகலாம். காவிரித் தண்ணீர் வராத நாட்களுக்காகப் பிடித்து வைக்கிற டிரம்மையும் குடத்தையும் இறுக மூடுங்கள், வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதையும் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், அசதியாகச் சுருண்டு படுப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும், காய்ச்சல் விட்டபின் தெரிந்தாலும்கூட, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், ஏற்கெனவே ஒருமுறை டெங்கு வந்தது என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.